பாதியில் நின்ற கை

1886 பிப்ரவரி 9, செவ்வாய்

இன்றும் சூரியன் வரவில்லை. இதை எழுத ஒரு நோட்டுப் புத்தகமா என்று என்னோடு விடுதியில் தங்கியிருக்கும் ஆயா தெய்வானை கேட்கிறாள். எழுதாவிட்டால் தமிழ் எழுத்தே மறந்துபோகும் என்றேன். “மறந்தா என்ன? இந்த ஊர்ல யாருக்கு எழுதிக் கிழிக்கப் போற?” என்றாள். அவளுக்கு எழுத்து தெரியாது. அந்த வயிற்றெரிச்சல் கொஞ்சம் உண்டு.

நான் பரிபூரணம். தரங்கம்பாடி மிஷன் பள்ளியில் படித்தவள், வேப்பேரியில் வாழ்க்கைப்பட்டவள், புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தபின் துரைமார் வீட்டில் ஆயாவானவள். கடைசியாக வேலை பார்த்த குடும்பம் என்னையும் கூட்டிக்கொண்டு சீமைக்கு வந்தது. பிள்ளைகள் இரண்டும் தங்கிப் படிக்கும் பள்ளிக்குப் போனதும் நான் வேண்டாதவளானேன். அம்மாள் என்னை லண்டனில் இந்த ஆயாமார் விடுதி வாசலில் இறக்கிவிட்டு, கையைக் குலுக்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியேறிவிட்டாள். ஆறு கடக்கும் மட்டும் அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யார் நான் யார்.

ஊருக்குப் போக ஒரே வழிதான். சென்னைப்பட்டணம் போகிற குடும்பம் ஏதாவது இங்கே வந்து, வரிசையாக நிற்கும் எங்களைப் பார்த்து, கப்பலில் பிள்ளை பார்க்க ஒருத்தியைப் பொறுக்க வேண்டும். பொறுக்கப்பட்டவள் வீடு போவாள். மற்றவள் கஞ்சி குடித்துக்கொண்டு காத்திருப்பாள். இனி ஆகஸ்டுக்கு மேல்தான் குடும்பங்கள் கிளம்பும்.

என் மரகதம் வேப்பேரியில் என் அக்காளிடம் இருக்கிறாள். ஒன்பது வயதில் விட்டு வந்தேன், இப்போது பன்னிரண்டு நடக்கிறது. அவள் முகம் நினைவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. அதனால் எழுதி வைக்கிறேன்: வலது புருவத்தில் ஒரு தழும்பு. முன்பல் சற்று எடுப்பு. சிரிக்கும்போது அதைக் கையால் மூடிக்கொள்வாள்.

இன்னொன்று. இங்குள்ள வெள்ளைக்காரர் பேசுவதையெல்லாம் என் தமிழிலேயே எழுதப்போகிறேன். அவர்கள் என்னை அவர்கள் இஷ்டத்துக்குப் பேசவைக்கும்போது நான் அவர்களை வேப்பேரித் தமிழில் பேசவைத்தால் குடி முழுகிவிடாது.

பிப்ரவரி 12, வெள்ளி

விடுதித் தலைவி மிஸஸ் டாட் கூப்பிட்டார். ஹேவர்லி என்று ஒரு துரை, படம் எழுதுகிறவராம், பெண்சாதியை இழந்தவராம், கண்ணியமானவராம். கறுத்த பெண்பிள்ளை ஒருத்தி அவர் முன்னால் சும்மா உட்கார வேண்டுமாம். “சும்மாவா?” என்று இரண்டு தடவை கேட்டேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் சும்மா உட்கார்ந்ததில்லை.

போனால் பெரிய கொட்டகை. கண்ணாடிக் கூரை. நடுவே கணகணவென்று ஒரு அடுப்பு. சீமைக்கு வந்தபின் முதல்முறையாக என் கால்விரல்கள் சூடு கண்டன. அதற்காகவே அந்த மனிதருக்கு எதையும் செய்யலாம் என்று தோன்றியது.

சுவரில் ஒரு பெரிய திரை. அதில் பேரீச்சை மரம், மரத்தடியில் தாமரைக் குளம், குளத்துக்கு அப்பால் மசூதி, மூலையில் தொங்கும் சீன விளக்கு. இது எந்த ஊர் என்றேன்.

“இந்தியா” என்றார் துரை.

“நீங்க அங்க போயிருக்கீங்களா?”

“இல்ல. ஆனா நிறைய வாசிச்சிருக்கேன்.”

எனக்குத் துருக்கிக் காற்சட்டை கொடுத்தார்கள். பக்கத்தில் ஒரு மனிதன் தலைப்பாகையோடு சிம்மாசனத்தில் இருந்தான். ராஜாவாக்கும் என்று எழுந்து நின்றேன். அவன் இத்தாலிக்காரன், தெருமுனையில் கொட்டை வறுத்து விற்கிறவன். இதற்கு முந்தைய படத்தில் அவன் மலைக்கொள்ளைக்காரன், அதற்கு முன்னால் யூத வட்டிக்காரன். வேஷம் மாறுகிறதே தவிர மூக்கு அதேதான் என்று அவனே சொல்லிச் சிரித்தான்.

பிப்ரவரி 16

இன்று நான் எகிப்து ராணியின் அடிமை. விசிறி பிடித்தேன். ராணி அயர்லாந்துக்காரி. இருமிக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரி 24, புதன்

அசையாமல் இருப்பது தூங்குவதுபோலத்தான். கண் திறந்திருக்கும், அவ்வளவே வித்தியாசம். வெளியே மூடுபனி கண்ணாடிக் கூரையில் படுத்துக் கிடக்கிறது, உள்ளே அடுப்பு முனகுகிறது, தூரிகை துணியில் உரசுகிறது. கொஞ்ச நேரத்தில் என் கை எது, விசிறி எது என்று தெரிவதில்லை. திரையிலிருக்கும் குளத்தில் தண்ணீர் அசைய ஆரம்பிக்கிறது.

அந்தத் தேசத்துக்குள் இப்போது நான் அடிக்கடி போய் வருகிறேன். அங்கே துருக்கன், சீனன், அரபி, தமிழச்சி எல்லாரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். யாரும் சமைப்பதில்லை, யாருக்கும் பசிப்பதில்லை. எப்போதும் சாயங்காலம். இன்று குளத்துப் படியில் மரகதம் உட்கார்ந்திருந்தாள். அவளும் துருக்கிக் காற்சட்டை போட்டிருந்தாள். ‘ஏண்டி இந்தக் கோலம்’ என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் யாரோ என் காற்சட்டை நுனியை இழுத்தார்கள்.

துரையின் மகள் மேபல். ஐந்து வயதிருக்கும். தாயில்லாப் பிள்ளை. வைக்கோல் நிறத்தில் முடி, அதை வாரிவிட ஆள் இல்லை. என் மடியில் ஏறி, என் கையைத் திருப்பிப் பார்த்தாள். “உள்ளங்கை மட்டும் ஏன் வெளுத்திருக்கு?” என்றாள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து என்றேன். நம்பிவிட்டாள்.

துரை அவளை இறங்கச் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேரையும் ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மார்ச் 2

சாயங்காலங்களில் மிஸஸ் டாட் எங்களுக்குக் கதை வாசிப்பார். வாரப் பத்திரிகையில் வருகிற தொடர். இங்கிலாந்தில் ஒரு பெரிய மாளிகை, அதில் ஒரு இந்திய வேலைக்காரன். அவன் கதை முழுக்க ஒரு வார்த்தை பேசுவதில்லை. திரைக்குப் பின்னால் நிற்கிறான். பல் மட்டும் தெரிகிறது. ஊரில் எது தொலைந்தாலும், யார் செத்தாலும், திரை அசைகிறது.

“அவன் எப்பம்மா சாப்பிட்டான்?” என்றாள் தெய்வானை. மிஸஸ் டாட் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அது எழுதவில்லை என்றார். “பொஞ்சாதி புள்ள இருக்கா?” அதுவும் எழுதவில்லை. “எந்த ஊர்க்காரன்?” கிழக்கு என்று போட்டிருக்கிறதாம்.

“அப்ப அவன் திரைக்குப் பின்னாடி கொலை பண்ண நிக்கல” என்றாள் தெய்வானை. “பசிச்சு நிக்கிறான். யாராவது கூப்பிட்டு ஒரு வாய் சோறு போட்டா கதை முடிஞ்சிடும்.”

விழுந்து விழுந்து சிரித்தோம். மிஸஸ் டாடும் சிரித்தார். பிறகு மாடிப்படி விளக்கை அணைக்கப் போன என்னை அவரே எதிரில் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

மார்ச் 9, செவ்வாய்

மேபல் இன்று சாய்வு மெத்தையில் தூங்கிப்போனாள். நான் காலையில் அவள் தலையை வாரிப் பின்னிவிட்டிருந்தேன். அடுப்பு வெளிச்சம் கன்னத்தில் விழுந்து, பிள்ளை அப்படி ஒரு அழகாக இருந்தது. என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

உபதேசியார் இதைக் கேட்டால் திட்டுவார். ஞானஸ்நானம் பெற்றவள் கண்ணேறு பார்க்கலாமா என்பார். ஆனால் கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. அது மதத்துக்கு முந்தின பயம். கர்த்தர் மன்னிப்பார். எழுந்து போய்க் குனிந்து, இரண்டு கையாலும் அவள் முகத்தை வழித்தெடுக்கக் கையை நீட்டினேன்.

“அப்படியே இரு, பாரி” என்றார் துரை. என் பெயர் அவர் வாயில் நுழைவதில்லை. “அசையாத. தயவு பண்ணி அசையாத.”

நான் நீட்டின கையோடு நின்றேன். அவர் எழுத எழுத வெளிச்சம் மங்கி, கை கடுத்து, நான் மறுபடி அந்தக் குளத்தங்கரைக்குப் போய்விட்டேன். அங்கே தூங்கிக்கொண்டிருந்தது மேபலா மரகதமா என்று தெரியவில்லை. இரண்டு முகமும் ஒன்றாகிவிட்டன.

துரை என்னை விடும்போது மேபல் விழித்துவிட்டாள். அதற்குள் நான் கையை இழுத்து என் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தேன். இரண்டு விரல் சொடுக்கு விழுந்தது. அது என்ன சத்தம் என்று கேட்டாள். உன்மேல் விழுந்த கண்ணையெல்லாம் நான் என் தலையில் வாங்கிக்கொண்டேன் என்றேன். உடனே தானும் செய்து பார்த்தாள். பிஞ்சு விரலில் எங்கே முறியும்? அதனால் வாயாலேயே “டக்” என்றாள்.

மார்ச் 12

அதே நிலை. நீட்டின கை.

மார்ச் 19, வெள்ளி

இன்று துரை ஒரு வேலையாக வெளியே போனபோது படத்தைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன்.

மேபல் அச்சாக இருக்கிறாள். அந்த அழகை என்னவென்று சொல்வது. தாமரைக் குளத்து மாளிகையில், தந்தக் கட்டிலில் தூங்குகிறாள். சன்னலுக்கு வெளியே விளக்கோடு ஒரு வெள்ளைக்கார அம்மாள் தூரத்தில் வருகிறாள். கட்டிலுக்குப் பின்னால் இருட்டிலிருந்து நான் வருகிறேன். கண்ணை வெள்ளையாக விழித்திருக்கிறேன். என் இரண்டு கையும் பிள்ளையின் கழுத்துக்கு நேரே இருக்கிறது. விரல்களை அவர் சற்று நீளமாக்கியிருக்கிறார்.

துரை வந்து பின்னால் நின்றார். எப்படி இருக்கிறது என்றார்.

“ஐயா, நான் குழந்தைய கொல்லப் போறதில்ல. திருஷ்டி எடுக்குறேன்.” விளக்கிச் சொன்னேன். கையை முகத்தில் வழித்து, பொட்டில் வைத்து முறித்தும் காட்டினேன். அவர் ஆர்வமாகக் கேட்டார். இவ்வளவு நேர்த்தியான வழக்கமா என்றார். ஒரு காகிதத்தில் குறித்துக்கூடக் கொண்டார்.

“அப்ப முழுசா எழுதுங்க. கை தலைல இருக்குற மாதிரி.”

“தலைல வச்சா தலைவலிக்காரி மாதிரி இருக்கும், பாரி. பாக்கறவங்க நின்னு பாக்கணும். கை நீட்டினாத்தான் நிப்பாங்க.”

“கெட்டவள்னு நினைப்பாங்களே.”

“உன்னை யாரும் நினைக்க மாட்டாங்க. இது நீ இல்ல. படம்.”

“அப்ப என் மூஞ்சி எதுக்கு?”

அதற்கு அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். தன் பெண்சாதியின் கம்பளிச் சால்வையைக் கொண்டுவந்து, குளிராக இருக்கிறதே என்று என் தோளில் போட்டார். நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் நான் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

மார்ச் 20

சால்வை நல்ல சூடு.

ஏப்ரல் 3, சனி

படம் முடிந்துவிட்டது. நான்கு ஆட்கள் வந்து துணி சுற்றித் தூக்கிப்போனார்கள். பெரிய கண்காட்சிக்குப் போகிறதாம். படம் போன இடத்தில் திரை மட்டும் இருந்தது, அந்தத் தேசத்தில் ஆளே இல்லாமல்.

மேபல் என் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். “அப்பா ‘டக்’கை எழுதவே இல்ல” என்றாள். ஐந்து வயதுக்குப் புரிந்தது. அவள் முகத்தை ஒருமுறை வழித்துவிட்டு வரலாம் என்றிருந்தேன். வீட்டு வேலைக்காரி வாசலில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டிக்கு நேரமாகிவிட்டது, அதனால் செய்யவில்லை.

மே 8, சனி

மிஸஸ் டாட் எங்களைக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனார். தெய்வானை தன் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். இத்தனை படங்களை ஒரே இடத்தில் பார்த்தால் மயக்கம் வரும். சுவரெங்கும் தரையிலிருந்து கூரை மட்டும் சட்டம் சட்டமாக ஜனங்கள். அவர்கள் நடுவே எங்கள் ஆட்களும் இருந்தார்கள். கையில் கத்தியோடு ஒரு அரபி. அபின் மயக்கத்தில் ஒரு சீனன். வறுத்த கொட்டை விற்கிற இத்தாலிக்காரன் இரண்டு சட்டங்களில் இருந்தான்.

எங்கே கூட்டம் அதிகமோ அங்கே நான் இருந்தேன். படத்தின் பெயர் ‘தாய் வருவதற்குள்’. தொப்பி வைத்த ஒரு அம்மாள், “பாவம் குழந்தை, பாவம்” என்று கைக்குட்டையை எடுத்தாள். பக்கத்திலிருந்தவர் மெல்ல, “கண்ணைப் பாரு, மிருகம்” என்றார். ஆள் மாற்றி ஆள் வந்து நின்று பார்த்தார்கள். இத்தனை பேர் என்னைப் பார்ப்பதை நான் ஒரு ஓரமாக நின்று பார்த்தேன். கனவில் நம் உடம்பை நாமே தூரத்தில் பார்ப்போமே, அதுபோல.

ஒரு சின்னப் பையன் திரும்பினான். என்னைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்துவிட்டுத் தாயின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

“வா போவலாம்” என்றாள் தெய்வானை. விடுதிக்கு வந்ததும், “அந்தாளு கை வெளங்காம போவ” என்றாள். அப்படிச் சொல்லாதே என்றேன். அவருக்கு ஒரு பெண்பிள்ளை இருக்கிறது.

ஜூன் 15

படப் பத்திரிகையில் நடுப்பக்கம் முழுவதும் அச்சடித்திருக்கிறார்கள். கடைகளில் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளத் தனிக் காகிதமாகவும் கிடைக்கிறதாம். மிஸஸ் டாட் அதை மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிறார். நான் பார்த்துவிடக் கூடாதாம். நான்தானே அது.

ஜூலை 4, ஞாயிறு

தினமும் காலையில் தெய்வானைக்கு நான்தான் தலை பின்னிவிடுவது. இந்த வாரம் விரல் மரத்துப்போகிறது. பின்னல் நழுவி நழுவிப் போயிற்று. “இன்னாடி ஆச்சு உன் கைக்கு?” என்றாள். குளிர் என்றேன். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் சன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு தானே பின்னிக்கொண்டாள்.

மிஸஸ் டாட் ஒரு ஜோடிப் பழைய கையுறை தந்தார். துரைசானிபோல் போட்டுக்கொண்டிருக்கிறேன். பழகிவிட்டது.

ஆகஸ்ட் 11, புதன்

குடும்பங்கள் வர ஆரம்பித்துவிட்டன.

முதலில் வந்த அம்மாள் வரிசையில் என் முன்னால் நின்று, “உன்னை எங்கயோ பாத்திருக்கேனே” என்றாள். நினைவு வந்ததும் அவள் முகம் மாறியது. அடுத்தவளைப் பார்க்கப் போனாள். இரண்டாவது அம்மாள் கூடவே ஒரு சிறுமியைக் கொண்டுவந்திருந்தாள். அது என்னைக் கண்டதும் வீல் என்று கத்தி, தன் கழுத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டது. ஒரு குழந்தைகூட என் வாழ்நாளில் என்னைப் பார்த்து அழுததில்லை. அழுகிற பிள்ளையை என்னிடம்தான் கொடுப்பார்கள்.

இரண்டாவது அம்மாள் தெய்வானையைப் பொறுக்கினாள். சென்னைப்பட்டணத்துக் கப்பல். தெய்வானை சந்தோஷப்படக் கூச்சப்பட்டு, சமையற்கட்டுக்குள் போய் நின்றுகொண்டாள். நான்தான் போய் இழுத்து வந்தேன்.

“உன் பொண்ணுகிட்ட இன்னா சொல்லட்டும்?”

“அம்மா வராள்னு சொல்லு.”

“எப்பன்னு கேட்டா?”

கப்பல் கப்பலாகப் போய்ப் பார்க்கச் சொல் என்றேன். வேறு என்ன சொல்வது. பயமாக இருந்தது. இந்தப் படம் அச்சில் இருக்கும்வரை எனக்கு இங்கிருந்து கப்பல் இல்லை என்று இன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. மரகதம் பெரிய மனுஷியாவாள், கல்யாணமாவாள், என் முகத்தை அவளும் எழுதி வைத்துத்தான் நினைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 22

கனவில் மரகதத்தின் புருவத்தில் தழும்பு இல்லை.

ஆகஸ்ட் 30, திங்கள்

மிஸஸ் ஃபென்விக் என்று ஒருத்தி வந்தாள். கைக்குழந்தை ஒன்று, கறார் பேச்சு. தமிழ் தெரிந்த ஆயாதான் வேண்டுமாம். மீதி இருந்தது நான் ஒருத்திதான்.

“என் தங்கச்சி வீட்டுக் கூடத்துல நீ தொங்குற” என்றாள்.

தலையாட்டினேன்.

“படத்த நம்புற பைத்தியம் நான் இல்ல. ஆனா எங்க வீட்டுக்காரருக்கு நான் பதில் சொல்லணும். அதனால ரெண்டு விஷயம். எப்பவும் கையுறை போட்டிருக்கணும். குழந்தை முகத்துகிட்ட உன் கை போகக் கூடாது. சம்மதமா?”

சம்மதம் என்றேன். கையால் முகம் துடைக்காமல் பிள்ளை வளர்ப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. ஆனால் கப்பல் சென்னைப்பட்டணம் போகிறது. வீட்டுக்குப் போகிறேன் என்று இரண்டு தடவை எனக்குள் சொல்லிப் பார்த்தேன்.

கிளம்புகிற சமயம் மிஸஸ் டாட் அழுதார். சால்வையை அவரிடமே விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 13, கப்பலில்

குழந்தை பெயர் ஹியூ. என் தோளில்தான் தூங்குகிறான். நான் கையை அவன் முதுகில் மட்டும் வைத்திருக்கிறேன். அம்மாள் எதிரே உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நல்லவள்தான், பார்க்காமலிருக்க அவளாலும் முடியவில்லை.

கடலைப் பார்த்தபடி உட்கார்ந்தால் மறுபடியும் அந்தத் தேசம் வருகிறது. பேரீச்சை, குளம், ஓயாத சாயங்காலம். ஒருவேளை இந்தக் கப்பல் அங்கேதான் போகிறதோ என்று இருக்கிறது. ‘இந்தியா’ என்றுதானே சீட்டில் போட்டிருக்கிறது. துரையும் அதைத்தான் இந்தியா என்றார்.

செப்டம்பர் 24, வெள்ளி, செங்கடல்

ஹியூவுக்குக் கடும் காய்ச்சல். கப்பல் டாக்டர் மருந்து கொடுத்தார், ஈரத்துணி போட்டார், பிறகு தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். மதியம் அம்மாள் நிலைகுலைந்துபோனாள். தலையெல்லாம் அவிழ்ந்து கிடந்தது. என் கையைப் பிடித்து, கையுறையை அவளே உருவி எறிந்தாள்.

“உங்க ஆளுங்க ஏதோ செய்வீங்களாமே. கண்ணு எடுக்குறது. மிஸஸ் டாட் சொன்னாங்க. செய், பரிபூரணம். எதுவானாலும் செய்.”

என் பெயரை முழுசாகச் சொன்னாள். நான் குனிந்தேன். இரண்டு கையையும் நீட்டினேன்.

கை போகவில்லை. குழந்தை முகத்துக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. என் விரல்களைப் பார்த்தேன். நீளமாக இருந்தன. கட்டிலும் வெளிச்சமும் எல்லாம் அந்தப் படத்தில் இருந்தபடியே இருந்தன. எங்கிருந்தோ ‘அசையாத’ என்று யாரோ சொன்னதுபோலிருந்தது. அம்மாள் காத்திருந்தாள், நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

விரல் மரத்துவிட்டது, குளிர்தான் காரணம். செங்கடலில் ஏது குளிர் என்று கேட்கத் தெய்வானை இங்கே இல்லை.

செப்டம்பர் 26

காய்ச்சல் இறங்கிவிட்டது. மருந்துதான் கேட்டது. அம்மாள் என்னிடம் கையுறையைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் கையை முந்தானைக்குள்தான் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 8, வெள்ளி, வேப்பேரி

விடியற்காலையில் கரை தெரிந்தது. முதலில் ஒன்றுமில்லாத ஒரு கோடு. அதன்மேல் வெளிறிய கட்டடங்கள், கலங்கரை விளக்கம், புகை. மூடுபனிக்குள் இருப்பதுபோல் எல்லாம் மிதந்துகொண்டிருந்தது. பேரீச்சையும் குளமும் எங்கே என்று என் கண் தேடியது. பயந்துகொண்டேதான் தேடினேன். பிறகு காற்று திரும்பி, கருவாட்டு வாடை அடித்தது. அந்தத் தேசத்தில் வாடையே கிடையாது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அலை பெரிது. மசூலாப் படகில் ஏற்றி இறக்கினார்கள். முழங்கால் வரை நனைந்து கரையேறினேன். மிஸஸ் ஃபென்விக் என் கையைக் குலுக்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஹியூவை ஒரு நிமிஷம் என்னிடம் கொடுத்து வாங்கிக்கொண்டு போனாள்.

கூட்டத்தில் அக்காளைக் கண்டுகொண்டேன். கொஞ்சம் இளைத்திருந்தாள். தெய்வானை ஒரு வாரம் முன்பே வந்து சொல்லிவிட்டாளாம், அன்றுமுதல் எந்தக் கப்பல் வந்தாலும் கடற்கரைக்கு வருகிறார்களாம். மரகதம் எங்கே என்றேன். அக்காள் பக்கத்தில் தாவணி போட்ட ஒருத்தி நின்றாள், அக்காள் உயரத்துக்கு. யாரோ பக்கத்து வீட்டுப் பெண் என்று நினைத்தேன்.

அவள் சிரித்தாள். சிரித்ததும் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

வலது புருவத்தில் தழும்பு இருந்தது.

அப்படியே கிட்டத்தில் போய் இரண்டு கையையும் நீட்டினேன். என் பிள்ளை, என் தங்கம், எத்தனை பேர் கண் பட்டிருக்கும். கை போயிற்று, போயிற்று, அவள் முகத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றுவிட்டது. சுற்றிலும் ஜனங்கள். படகுக்காரர்கள், கூலியாட்கள், துரைமார். எல்லாரும் சட்டத்துக்கு வெளியே நின்று பார்ப்பதுபோல் இருந்தது. என்னால் கையை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை.

“இன்னாடி, ஏன் நின்னுட்ட?” என்றாள் அக்காள்.

மரகதம் என் கையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, தன் இரண்டு கையையும் தூக்கி என் நெற்றியிலிருந்து தாடைவரை வழித்தெடுத்து, தன் பொட்டில் வைத்து அழுத்தினாள். படபடவென்று பத்து விரலும் முறிந்தன. பக்கத்தில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த படகுக்காரன் திரும்பிப் பார்த்தான்.

“அடி கழுத, சின்னது பெரியவங்களுக்குச் சுத்துமா?” என்று அக்காள் அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

“பாரு பெரியம்மா, எவ்ளோ கண்ணு” என்றாள் மரகதம். “அம்மாமேல எவ்ளோ பேரு கண்ணு.”

நான் அழுதேன். கடற்கரையில் இத்தனை பேர் நடுவே, வாயைப் பொத்தாமல் அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே கை தானாகப் போய்விட்டது. அவள் கன்னம் வெயிலில் சுட்டது. நெற்றி, புருவத்துத் தழும்பு, மூக்கு, தாடை எல்லாவற்றையும் வழித்தெடுத்து என் பொட்டில் வைத்து முறித்தேன்.

ஒரு விரல்கூடச் சொடுக்கு விழவில்லை. மறுபடி அழுத்திப் பார்த்தேன். இல்லை. என் பிள்ளைமேல் யார் கண்ணும் படவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.